அகல டயரும் முப்பத்தெட்டாம் வளைவும்

அக்டோபர் 2, வியாழன்

நேற்று ஆயுத பூஜைக்கு வண்டியின் முகப்பில் கட்டிய வாழைக்கன்றுகள் இன்று மாலைக்குள் துவண்டு தொங்கிவிட்டன. ஓடுகிற வண்டியில் கட்டினால் காற்றில் கிழிந்து ஒருவகைக் கம்பீரத்தோடு முடியும். நிற்கிற வண்டியில் அதற்கு வழியில்லை. அவிழ்த்து எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். அது மரியாதையாகச் சாப்பிட்டது.

நன்றாக யோசித்து, குற்றம் டயரில்தான் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். நடந்ததை ஒழுங்காகப் பதிவு செய்துவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு மழை நாளில், கொல்லிமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு பிக்கப்பில் இறங்கினேன். மலைச்சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முப்பத்தெட்டாவதில் பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவியது. வண்டி தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றது. சேதம், ஒரு பின்விளக்கும் சில தார்களும். எனக்கு ஒன்றுமில்லை. சுவரின்மேல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு பின்னால் வந்த இன்னொரு பிக்கப்காரன் குழந்தைவேலு தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, என் வண்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தான். நான்தான் அவனை ஓட்டச் சொன்னேன். பின்விளக்கு இல்லாத வண்டியை ஓட்டுவது சட்டப்படி தவறு.

அன்றிலிருந்து மலையிலிருந்து தார் இறக்குகிற என் வாடகையையும் குழந்தைவேலுவே பார்க்கிறான். நான் சமவெளியில் கோழிப்பண்ணைகளுக்கு முட்டை அட்டை ஏற்றுகிறேன். நாமக்கல் வாழைமண்டி முதலாளி மாணிக்கவாசகம் கார்த்திகை முதல் தேதிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அன்று ஐயப்பனுக்கு மாலை அணிகிற பக்தர்களால் பழத்துக்குக் கிராக்கி ஏறும். அதற்குள் நான் தார் இறக்க வராவிட்டால் வாடகை நிரந்தரமாகக் குழந்தைவேலுவுக்கு. அந்த வாடகை போனால் இந்த வண்டியை வைத்துக்கொள்வதில் பொருளில்லை. முட்டை அட்டைக்குச் சைக்கிள் போதும்.

ஆகவே சக்கரங்களை மேம்படுத்தப்போகிறேன். இதை மனைவி பூங்கொடியிடம் தெரிவித்தேன்.

"டயரு என்னங்க பண்ணுச்சு? அது பாட்டுக்கு உருண்டுச்சு" என்றாள்.

பூங்கொடி பால் சொசைட்டியில் கணக்கெழுதுகிறாள். வாகனவியல் அவளுடைய துறை அல்ல.

அக்டோபர் 4, சனி

நாமக்கல்லில் மனிதர்களைவிடச் சக்கரங்களுக்கு வைத்தியர்கள் அதிகம். லாரி ஊர். திருச்சி சாலையில் நல்ல பெயர் உள்ளவர் அர்த்தனாரி. போனதும் பழைய டயரின் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"பட்டன் இன்னும் முக்காவாசி கெடக்குதுங்களேண்ணா. ஒரு வருசம் தாராளமா ஓடும்."

"கிரிப்பு பத்தல" என்றேன்.

"எங்க பத்தல?"

"மலையில."

"மலையில எங்க?"

"பொதுவா."

அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு வியாபாரியானார்.

"பத்தலைன்னா பத்தலதானுங்க. அலாய் வீல், அகல டயரு. மாட்டிப் பாருங்க, வண்டி ரோட்டக் கவ்விக்கிட்டுப் போகும்."

பிரசுரங்கள் கொடுத்தார். எல்லாவற்றையும் படித்தேன். சேறு, மணல், பனி, பாறை என்று எல்லா இடத்திலும் சக்கரத்தைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஒரு படத்தில்கூட ஓட்டுகிறவர் இல்லை. இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

சக்கரங்கள் மாட்டியாயிற்று. கறுப்பு அலாய், ஓரத்தில் வெள்ளிக் கோடு. வண்டி மூன்று விரல் உயர்ந்துவிட்டது. பூங்கொடி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழைய டயர் பழத்தை நசுக்கும், இது மறைத்துவிட்டது.

பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போவதால், வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்று அர்த்தனாரி எச்சரித்திருந்தார். அதாவது நான் நினைப்பதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பேன். இது லேசாக எடுத்துக்கொள்ளக்கூடிய செய்தி அல்ல. திரும்பும் வழியில் அதற்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். சேந்தமங்கலம் அருகே மொபெட்டில் புல்கட்டோடு வந்த ஒருவர் முந்திச் சென்றார். அவருக்கு வழிவிட்டேன். சாலையைக் கவ்விக்கொண்டு போவது என்றால் இதுதான் போலிருக்கிறது.

எங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டியில் எல்லோரும் வந்து சக்கரத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஒரு பரிவு இருந்தது. காரணம் தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சோதனை ஓட்டம். மலையடிவாரச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஏறினேன். முதல் இரண்டு வளைவுகள் சுமார். மூன்றாவதில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது, கரும்பு ஆலையில் கட்டு சிக்கியதுபோல் ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். அகல டயர் உள்பக்கம் கம்பியில் உரசுகிறது. நேராகப் போகும்போது உரசாது. கொஞ்சம் திரும்பினாலும் உரசாது. முழுதாகத் திரும்பினால்தான்.

கொண்டை ஊசி வளைவு என்பது முழுதாகத் திரும்புகிற இடம்.

ஆகவே ஒவ்வொரு வளைவிலும் பாதி திரும்பி, நின்று, பின்னால் வந்து, மறுபடி திரும்பவேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அருவி பார்க்கப் போகிறவர்களின் கார்கள் பின்னால் சேர்ந்துவிட்டன. அவர்களில் ஒருவர் இறங்கி வந்து, எழுபது வளைவுள்ள மலைக்கு வளையாத சக்கரம் வாங்கிய என் அறிவைப் பற்றிச் சுருக்கமாகப் பேசினார். அவருடைய சொற்களை இங்கே எழுத இயலாது. கருத்தில் பிழையில்லை.

ஐந்தாம் வளைவிலிருந்து திரும்பிவிட்டேன். தொழில்நுட்பக் காரணம்.

"எதுவரைக்கும் போனீங்க?" என்றாள் பூங்கொடி.

"அஞ்சு."

"அப்ப அது இன்னும் மேல கெடக்குது."

எது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 15, புதன்

அர்த்தனாரி இதை எதிர்பார்த்தவர்போல் இருந்தார். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஓர் இரும்பு வளையம் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினார். ஸ்பேசர் என்று பெயர். இப்போது உள்ளே உரசவில்லை, வெளியே மட்கார்டில் உரசுகிறது.

"அதுக்கென்னங்ண்ணா, மட்கார்ட அறுத்துப்போடலாம்."

அறுத்துப்போட்டார். சக்கரத்தை மேம்படுத்த வண்டியைக் குறைக்கவேண்டும் என்பது எனக்குப் புதுச் செய்தி. இந்தப் போக்கில் போனால் ஒருநாள் மிகச் சிறந்த நான்கு சக்கரங்கள் மட்டும் மிஞ்சும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. வண்டிக்குத் தார்ப்பாய் போட்டேன். ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தது. இது எதிர்வீட்டு ஆடு அல்ல என்று பூங்கொடி உறுதியளித்தாள்.

அக்டோபர் 22, புதன்

டீக்கடையில் கடைக்காரர் எனக்கு மட்டும் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தார். "பொம்பளைங்க பயப்படத்தாங்க செய்வாங்க. நாமதான் அனுசரிச்சுப் போகோணும்" என்றார். அவர் வீட்டில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது. ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். அவர் குழப்பத்தோடு பார்த்தார்.

அக்டோபர் 25, சனி

இன்று முழுக்க ஏறிவிட்டேன். எந்த வளைவிலும் உரசவில்லை. முப்பத்தெட்டில் தடுப்புச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை, தெரிந்தது.

செம்மேட்டைத் தாண்டி வழக்கமான சுமைமேட்டில் வண்டியைப் பின்னால் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தினேன். இந்த மேடு பிக்கப்பின் தளமட்டத்துக்கு மண்ணடித்துக் கல் பதித்தது. பெண்கள் தலையில் தாரோடு தோட்டத்திலிருந்து நேராக நடந்து வண்டிக்குள் வந்துவிடுவார்கள். ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. சுமைக்காரப் பெண்களுக்குத் தலைவி செல்லாயி. முதல் தாரோடு அவள்தான் வந்தாள். வண்டி விளிம்பில் கால் இடித்தது. தார் முன்னால் சாய, பின்னால் வந்தவள் பிடித்துக்கொண்டாள்.

செல்லாயி தாரை இறக்கிவைத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தாள்.

"என்னங்கண்ணா, வண்டி வளந்துருச்சு?"

"சக்கரம் மாத்தியிருக்கேன். மூணு வெரலுதான்."

"தலைல தாரு இருக்கையில காலு எங்க வெக்கறோம்னு நாங்க பாக்கறதில்லீங்க. காலுக்கே தெரியும். இப்ப அதுக்குத் தெரியல."

"கொஞ்சம் தூக்கி வெச்சா…"

"எத்தன தாருக்குத் தூக்கி வெக்கறது? மேட்ட ஒசத்துங்க, இல்ல வண்டிய எறக்குங்க. ஏ புள்ளைங்களா, உக்காருங்கடி."

உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி வெற்றிலையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் குழந்தைவேலுவின் வண்டி வந்து அதே மேட்டில் அதே உயரத்தில் நின்றது. தார்கள் நடந்து ஏறின.

"அக்காவுக்குத் தெரியுமாண்ணா, நீங்க இங்க வந்தது?" என்று குழந்தைவேலு தணிந்த குரலில் கேட்டான்.

"தெரியும்."

"செரி செரி. நான் யாருகிட்டயும் மூச்சு உட மாட்டேன்."

இவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. குடும்ப விவகாரங்களில் ஆர்வம் இருப்பது இயற்கை.

இறங்குவதற்கு முன் டீக்கடையில் அரசுப் பேருந்துக்காகக் காத்திருந்தேன். பேருந்தின் பின்னால் சீராக இறங்குவது டீசலுக்கு நல்லது. நாற்பதிலிருந்து முப்பத்தாறு வரை பேருந்தின் முதுகில் எழுதியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தைப் படித்துக்கொண்டே வந்தேன். சிறிய விளம்பரம்தான். பலமுறை படித்தேன்.

அக்டோபர் 29, புதன்

மேட்டை உயர்த்த எனக்கு உரிமையில்லை, அது தோட்டக்காரருடையது. ஆனால் மேட்டின் முன்னால் வண்டி நிற்கும் இடம் பொதுவழி. காலையில் மண்வெட்டியோடு போய், பின்சக்கரங்கள் இரண்டும் இறங்கி நிற்க மூன்று விரல் ஆழத்தில் இரண்டு குழி வெட்டினேன். வண்டி பழைய உயரத்துக்கு வந்தது. மேட்டை உயர்த்தவும் இல்லை, வண்டியை மாற்றவும் இல்லை, வேலை முடிந்தது.

செல்லாயி காலால் விளிம்பைத் தட்டிப் பார்த்து, "இப்பச் செரி" என்றாள். ஏற்றினார்கள். நானும் கயிறு கட்டினேன். கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. குழிகள் குட்டைகளாயின. வண்டியைக் கிளப்பினேன். பிரசுரத்தில் சொன்ன பிடிமானம் உண்மைதான். டயர் சேற்றைப் பிடித்தது. பிறகு விடவே இல்லை. செல்லாயியின் ஆட்கள்மீதெல்லாம் சேறு அடித்தது.

"வண்டியக் குழிக்குள்ள நட்டுத் தண்ணியும் ஊத்தியாச்சு" என்றாள் செல்லாயி, முகத்தைத் துடைத்தபடி. "அடுத்த வருசம் தாரு தள்ளும்."

தார்களை இறக்கி, குழந்தைவேலுவின் வண்டிக்கு மாற்றினார்கள். அவனே கயிறு போட்டு என் வண்டியை வெளியே இழுத்தும் விட்டான்.

ஏற்றிய சுமையை இறக்கவேண்டியதாகிவிட்டதில் எனக்கு ஏமாற்றம் என்றுதான் எழுதவேண்டும். எழுதிவிட்டேன்.

பேருந்து வர நேரமாயிற்று.

நவம்பர் 3, திங்கள்

மாணிக்கவாசகம் போனில் கூப்பிட்டார்.

"ஏப்பா பொன்னுரங்கம், வண்டிக்கு நகையெல்லாம் போட்டு வெச்சிருக்கியாமா. கல்யாணம் எப்ப?"

"பெர்ஃபாமன்ஸுக்காகங்க."

"அது ஆட்டக்காரிக்கு வேணும். எனக்குத் தாருதான் வேணும். பதினோரு வருசப் பழக்கத்துக்காகச் சொல்றேன், கார்த்திகை ஒண்ணு. சாயங்காலம் ஏலம் கூறதுக்குள்ள உன் வண்டி மண்டிக்குள்ள நிக்கோணும். இல்லீன்னா அந்தப் பையனுக்கே வருசத்துக்கும் பேசி முடிச்சிருவேன். அப்புறம் மொகத்தத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"வந்துருவேங்க."

"வீட்டுல பேசிட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டார். மலைக்குப் போவதற்கு வீட்டில் ஏன் பேசவேண்டும் என்று புரியவில்லை. மழைக்காலமாதலால் போன் கையில் ஈரமாக இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

டீசல் கணிசமாகக் கூடுதலாகக் குடிக்கிறது. அர்த்தனாரியிடம் சொன்னேன். "பெரிய ஆளு, பெரிய சாப்பாடு" என்றார். உயரப் பிரச்சினைக்கு ஸ்பிரிங் பட்டையில் ஒன்றிரண்டைக் கழற்றி வண்டியை இறக்கலாம் என்றார். பிறகு அவரே, "அப்புறம் பாரம் தாங்காதுங்க" என்றும் சொன்னார். நேர்மையான மனிதர். ஒவ்வொரு யோசனையின் ஆபத்தையும் அதை விற்ற பிறகாவது சொல்லிவிடுகிறார்.

நவம்பர் 10, திங்கள்

பூங்கொடி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"பழசையே மாட்டிப்போடுங்க."

உரசல், உயரம், டீசல், வேகமானி ஆகிய நான்கு கோணங்களிலிருந்தும் ஆராய்ந்து, கொல்லிமலைக்கு மிகப் பொருத்தமானது தொழிற்சாலையில் கொடுத்த சக்கரம்தான் என்ற முடிவுக்கு நானும் தனியாக வந்திருந்தேன். இரு முடிவுகளும் ஒரே நேரத்தில் வந்தது தற்செயல்.

பழைய டயர்களை அர்த்தனாரி விற்காமல் எனக்காக ஓரமாக எடுத்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"வருவீங்கன்னு தெரியுமுங்க" என்றார்.

அலாய் சக்கரங்களுக்கும் உடனே ஆள் கிடைத்துவிட்டது. கட்சிப் பிரமுகர் ஒருவர். அவருடைய வண்டி ஊர்வலத்தில் நேராகப் போகும், மாலை வாங்க நிற்கும். முழுதாகத் திரும்பவேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லையாம். வந்தால் கட்சிதான் மாறுவாராம், வண்டி அல்ல. இதை அவரே சொல்லிச் சிரித்தார்.

நவம்பர் 15, சனி

அறுத்த மட்கார்டுக்குத் தகரம் வைத்துப் பற்றவைத்தாயிற்று. பின்விளக்கு எரிகிறது. பிரேக்கைப் பார்த்தாயிற்று. அலைன்மென்ட் சரி. காற்று சரி. வண்டியில் இனிக் குறை சொல்ல எதுவும் மிச்சமில்லை.

இது சற்றுச் சங்கடமாக இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

நாளை கார்த்திகை ஒன்று. சோமவாரமும்கூட, அதனால் மலைமேல் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குத் தானும் வருவதாகப் பூங்கொடி சொல்கிறாள். சொசைட்டிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். பக்தி திடீரென்று வரும் என்று படித்திருக்கிறேன். சுமைவண்டியில் ஆளை ஏற்றுவது பற்றி ஏதோ விதி இருக்கிறது என்றேன்.

"முன் சீட்டுல உக்காந்தா நான் சுமையில்லீங்க" என்றாள்.

சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் முற்றல்.

நவம்பர் 17, திங்கள்

காலையில் கோயில். பூங்கொடி நன்றாக நேரம் எடுத்துக்கொண்டு கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன், குறிப்பாக எதையும் கேட்கவில்லை, பொதுவாக.

மேட்டில் வண்டியை ஒட்டினேன். செல்லாயி கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நடந்து காட்டினாள். "வந்துட்டான் பாரு பழைய ஆளு" என்று வண்டியைத் தட்டினாள். என்னைச் சொன்னதாகவும் இருக்கலாம். மதியத்துக்குள் ஏற்றி முடித்தார்கள். குழந்தைவேலுவின் வண்டியும் பக்கத்தில் காலியாக நின்றது. நான் கிளம்புகிறேனா என்று பார்த்துவிட்டுப் போக வந்திருந்தான். தூறல் ஆரம்பித்தது. இன்று பேருந்து வேலைநிறுத்தம் இல்லை, ஆனாலும் பேருந்து ஏதும் கண்ணில் படவில்லை. டீ குடித்தேன். இன்னொன்று குடித்தேன்.

"ஏலத்துக்கு நேரமாச்சுங்க" என்றாள் பூங்கொடி.

கிளம்பினேன். எழுபது, அறுபத்தொன்பது. கையில் ஸ்டியரிங் கொஞ்சம் வழுக்கியது; அதற்கு உறை போடவேண்டும்.  அறுபதைத் தாண்டும்வரை பூங்கொடி வேர்க்கடலையை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்.

"ஒண்ணு சொல்லோணும். கோவப்படக் கூடாது."

"ரோட்டப் பாத்துட்டிருக்கேன்."

"ரோட்டப் பாத்துட்டே கேளுங்க. நீங்க மலைக்குப் போகாம இருந்தீங்கல்ல, ஏன்னு சொசைட்டில எல்லாரும் கேட்டாங்க. நாந்தான் உடலைன்னு சொல்லிப்போட்டேன்."

"என்ன உடல?"

"மலை ஏறக் கூடாதுன்னு என் தலைல கைய வெச்சு உங்ககிட்டச் சத்தியம் வாங்கிட்டேன்னு. அவரு போறேன், போறேன்னு குதிக்கறாரு, நாந்தான் அழுது கெடுத்துட்டேன்னு."

டீக்கடைக்காரர் கூடப்போட்ட சர்க்கரை, குழந்தைவேலுவின் ரகசியக் குரல், முதலாளி வீட்டில் பேசச் சொன்னது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"ஊரே என்னையப் பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு நெனச்சுட்டிருக்குது" என்றேன்.

"மலைக்குப் பயந்தவன்னு நெனைக்கறதுக்கு அது பரவால்லீங்களே."

"நான் எப்ப மலைக்குப் பயந்தேன்?"

"பயப்படலீங்க. டயரு சரியில்ல."

இதற்குச் சரியான பதில் இருந்தது. அதைத் தேடிக்கொண்டே இரண்டு வளைவு இறங்கினேன்.

"குதிக்கறாருன்னா சொன்ன? நானென்ன கன்னுக்குட்டியா?"

"வேறெப்படிச் சொல்றது? முட்டை அட்டை ஏத்தறாருன்னா?"

"சத்தியமெல்லாம் எதுக்கு? சும்மா வேண்டாம்னு சொன்னேன்னு சொன்னாப் பத்தாதா?"

"சும்மா சொன்னா நீங்க கேக்கற ஆளா? ஊருக்குத் தெரியும். அதனால ரெண்டு நாளு சோறு திங்காம கெடந்தேன்னும் சேத்துச் சொன்னேன். பால் ஊத்த வர்ற ராசாத்தியக்கா அழுதே போட்டாங்க."

"நீயி? சோறு திங்காம? அன்னிக்குக் கருவாட்டுக் கொழம்ப ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனியே."

"அதையெல்லாமா ராசாத்தியக்காகிட்டச் சொல்வாங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினோரு வருடம் இந்த மலையில் ஏறி இறங்கியவனின் பெயரை, ஒரு லிட்டர் பால் அளக்கிற நேரத்தில் கெடுத்துவிட்டாள் என்றேன். கெடுக்கவில்லை, இருந்த இடத்தில் வைத்துக் காப்பாற்றினேன் என்றாள். என்னைக் கேட்டிருக்கவேண்டும் என்றேன். கேட்டிருந்தால் டயர் என்று சொல்லியிருப்பீர்கள் என்றாள். எதிரே பேருந்து ஏறி வந்தது. ஓரம் ஒதுங்கி அதற்கு வழிவிட்டு, மேற்கொண்டு பேசினேன். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு கற்பனை ஆகாது என்றேன். கற்பனையில்லாமல் உங்களோடு இருபத்திரண்டு வருடம் எப்படி இருப்பது என்றாள். நடுவில் கடலையும் கொடுத்தாள். கோபத்தில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன்.

இந்த விவாதத்தில் நான் மேலோங்கி வந்த ஒரு கட்டத்தில் பலகை ஒன்று தெரிந்தது. கொண்டை ஊசி வளைவு 31.

நான் பேச்சை நிறுத்தினேன்.

"முப்பத்தெட்டு எங்க?"

"அது அப்பவே போச்சுங்க."

"எப்ப?"

"வளைவுல மாடு ஒண்ணு நின்னுச்சே. ஆரனடிச்சு, கண்ணாடிய எறக்கி அதையத் திட்டிட்டு, அதே மூச்சுல என்னையும் திட்டுனீங்களே. அங்கதான்."

மாடு நினைவிருந்தது. செவலை, ஒரு கொம்பு வளைந்தது. சுவர் நினைவில்லை.

 தூறல் வலுத்தது. வைப்பர் நன்றாக வேலை செய்தது. இருபதுக்குக் கீழே வரும்போது நான் சீட்டி அடித்ததாகப் பூங்கொடி சொல்கிறாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மண்டிக்குள் நுழைந்தபோது ஏலம் கூறுகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். மாணிக்கவாசகம் கல்லாவிலிருந்து எழுந்து வந்து முதலில் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு தாரைப் பார்த்தார், கடைசியாக முன் சீட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, சத்தியத்த வாபஸ் வாங்கிட்டியாக்கும்?"

நாமக்கல் வரை பரவியிருக்கிறது. பூங்கொடி என் பக்கம் திரும்பினாள். சுமைக்காரர்கள், தரகர்கள், சாக்கு தைக்கிறவர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல இது தகுந்த சந்தர்ப்பம்.

"ஆமாங்க" என்றேன். "காலைல அறப்பளீஸ்வரர் சன்னதில வெச்சுத்தான் வாங்குனா. அதுவரைக்கும் கெஞ்ச வெச்சுட்டா."

"பொம்பளைன்னா அப்படி இருக்கோணும்" என்றார் முதலாளி. "ஏய், தார எறக்குங்கப்பா. வருசத்துக்கும் இவன் வண்டிதான்."

குழந்தைவேலுவுக்குப் பெரியகுளம் பக்கம் வேறு வாடகை பேசியிருப்பதாகவும் சொன்னார். மலையில்லாத பாதை. அவன் சந்தோஷப்பட்டானாம்.

நவம்பர் 18, செவ்வாய்

காலை ஆறு மணி. சொசைட்டியில் பால் ஊற்ற வரிசை நின்றது. மலைக்குப் போகிற வழியில் வண்டியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"போயிட்டு வரட்டுமா?"

பூங்கொடி நிமிர்ந்து பார்க்கவில்லை. ராசாத்தியக்காவின் பாலை அளந்து, எழுதி, ஒருமுறை சரிபார்த்தாள். வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"மழைக்கு முன்ன வந்துரோணும்" என்றாள்.

"செரிங்க" என்றேன்.

ராசாத்தியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் போய் வண்டியைக் கிளப்பினேன்.